எருக்குழியிலிருந்து எருத்தொட்டிக்கு

தருமபுரி மாவட்டத்துச் சிற்றூர்களில் விடியற்காலையில் நடந்து செல்பவர் இரண்டு காட்சிகளை இன்றும் காணக்கூடும். சில வீட்டுச் சுவர்களில் வறட்டி காய்ந்துகொண்டிருக்கும். வேலியோரத்தில் உதிர்ந்த புளிய இலையும் துவரை மிளாறும் குவிக்கப்பட்டு, நெருப்பில் புகைந்துகொண்டிருக்கும். நிலத்திற்குச் சேரவேண்டிய பொருள்களில் ஒன்று அடுப்புக்கும் மற்றொன்று காற்றுக்கும் இரையாகின்றன. மானாவாரிப் பயிரையே பெரிதும் நம்பியுள்ள இம்மாவட்டத்தில் இஃது எளிதில் தாங்கக்கூடிய நட்டமன்று.

இக்குறை புதிதுமன்று. 1889-ஆம் ஆண்டில் இந்திய வேளாண்மையை ஆராய இங்கிலாந்திலிருந்து அனுப்பப்பட்ட வோல்கர் என்னும் இரசாயன அறிஞர், 1893-இல் வெளியான தம் அறிக்கையில் இதைப் பற்றி விரிவாக எழுதினார். சாணத்தை எரிப்பது உழவனின் அறியாமையால் அன்று, விறகுப் பஞ்சத்தால் என்பதே அவர் கண்ட உண்மை. அப்படியானால், கிடைக்கும் சிறிதளவு சாணத்தைக் கொண்டு நிரம்ப எரு செய்வது எவ்வாறு? இக்கேள்விக்கு விடை காண மேலும் நாற்பது ஆண்டுகள் ஆயின.

விடை கண்டவர் ஆல்பர்ட் ஹோவர்டு. 1905-இல் பீகாரிலுள்ள பூசா ஆராய்ச்சி நிலையத்திற்குத் தாவரவியல் அறிஞராக வந்த இவ்வாங்கிலேயர், நம் நாட்டு உழவர்களையே தம் ஆசிரியர்களாகக் கொண்டார் என்பது நினைக்கத்தக்கது. பட்டம் பெற்றவர் பட்டிக்காட்டானிடம் பாடம் கேட்பது அக்காலத்தில் அரிது; இக்காலத்திலும் அரிதே! சீன நாட்டவர் பயிர்க்கழிவு அனைத்தையும் எருவாக்கி நாலாயிரம் ஆண்டுகள் நிலத்தின் வளம் குன்றாமல் காத்த செய்தியை, 1911-இல் வெளியான அமெரிக்க அறிஞர் கிங் என்பவரின் நூலிலிருந்து அவர் அறிந்துகொண்டார். 1924 முதல் 1931 வரை இந்தூரில் பணியாற்றியபோது, யஷ்வந்த் வாட் என்னும் இந்திய உதவியாளருடன் சேர்ந்து ஒரு முறையை வகுத்தார். அதுவே இந்தூர் முறைக் கம்போஸ்ட். தமிழில் கூட்டெரு என்பர்.

அங்கே நிரம்பக் கிடைத்தது பருத்திமாறு. அது கட்டை போல் கடினமானது, எளிதில் மக்காது. ஹோவர்டு என்ன செய்தார் தெரியுமா? அதைப் பண்ணைச் சாலைகளில் பரப்பிவிட்டார். போகும் வண்டிகளும் மாடுகளும் மிதித்து நொறுக்கின. நொறுங்கியதை மாட்டுக்கொட்டிலில் படுக்கையாக விரித்து, பின்னர் சாணம், கோமியம் ஊறிய மண், மரச்சாம்பல் ஆகியவற்றோடு அடுக்கடுக்காகக் குழியில் இட்டு, நீர் தெளித்தார். குழியின் நீளம் 30 அடி, அகலம் 14 அடி. ஆழமோ மூன்றடிக்கு மேல் இல்லை. மூன்று முறை புரட்டிப் போட, மூன்று மாதத்தில் எரு ஆயிற்று.

ஆழத்தை அவர் குறைத்ததன் காரணத்தை நான் நூலில் கற்பதற்கு முன் பட்டுத்தான் கற்றேன். நான் ஆசிரியனாக இருந்த ஒரு பள்ளியில், ஆழம் மிகுந்தால் எருவும் மிகும் என்று எண்ணி, மாணவர்களைக் கொண்டு ஆறடிக் குழி ஒன்று வெட்டுவித்தேன். ஐப்பசி மழையில் அது நிரம்பியது. அதன்பின் எழுந்த நாற்றத்தால் இரண்டு வகுப்புகளை மரத்தடிக்கு மாற்றவேண்டியதாயிற்று! குப்பையை மக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் நம்மைப் போலவே காற்றை வேண்டுபவை. காற்றுப் புகாத ஆழத்தில் அவை மடிய, வேறுவகை உயிர்கள் பெருகி அழுகலை உண்டாக்குகின்றன. காற்றும் ஈரமும் அளவாக அமைந்தால் குவியலின் உட்புறம் 60 பாகை செல்சியசுக்கு மேலும் சூடேறும். களைவிதைகள் அதில் வெந்துபோகும். மழைக்காலத்தில் குழியை விடுத்துத் தரைமேல் குவிக்கவேண்டும் என்று ஹோவர்டும் எழுதியிருக்கிறார்.

1931-இல் அவருடைய நூல் வெளிவந்ததும் இம்முறை கடல் கடந்தது. நியூசிலாந்தின் வீட்டுத் தோட்டக்காரர்களுக்குக் குழி வெட்ட இடமேது? அவர்கள் பலகைகளை இடைவெளி விட்டு அடித்து, அடியில்லாத நான்கடிச் சதுரப் பெட்டி ஒன்று செய்துகொண்டார்கள். இங்கோ, 1947 டிசம்பரில் மீராபென் அம்மையாரின் முயற்சியால் இராசேந்திர பிரசாத் தலைமையில் டில்லியில் அகில இந்தியக் கம்போஸ்ட் மாநாடு கூடிற்று. பிற்காலத்தில் மகாராட்டிரத்துக் காந்தியவாதி நாராயண் தேவ்ராவ் பண்டரிபாண்டே, பலகைக்கு மாற்றாகச் செங்கல்லைக் கொண்டார். 10 அடி நீளம், 6 அடி அகலம், 3 அடி உயரம். சுவரெங்கும் காற்றுத் துளைகள். ஏறத்தாழ 100 கிலோ சாணமே போதும்; புரட்டவும் வேண்டியதில்லை. வோல்கர் எழுப்பிய கேள்விக்கு இதனினும் நேரான விடை எனக்குத் தெரியவில்லை.

இதையே சிறிதாக்கினால் உங்கள் வீட்டுக் கொல்லைக்குப் பொருந்தும். இடிந்த சுவரின் பழைய செங்கல் 170 இருந்தால் மூன்றடிச் சதுரத்தில் மூன்றடி உயரத் தொட்டி அமைக்கலாம். சுண்ணாம்பும் சிமெண்டும் வேண்டா. கல்லுக்கும் கல்லுக்கும் இடையே இரண்டு விரல் இடைவெளி விட்டு, மேல்வரிசைக் கல் கீழ்வரிசை இடைவெளியின்மேல் அமருமாறு அடுக்குங்கள். அடித்தளம் மண்ணாகவே இருக்கட்டும். புங்கமரத்து நிழல் கிடைத்தால் மிக நன்று. நம் மாவட்டத்து வெயிலில் ஈரம் நிற்பதே அரிதல்லவா?

அடியில் அரையடிக்குத் துவரை மிளாறு. அதன்மேல் ஒரு சாண் உலர்ந்த இலை. பட்டுப்புழு வளர்ப்பவர் வீட்டில் கழித்த மல்பெரித் தண்டும் புழுக்கழிவும் கிடைத்தால் அவையும் சேரலாம். பின் காய்கறித் தோல், சாணக் கரைசல், மெல்லிய மண் போர்வை. இவ்வாறே மேலும் மேலும் அடுக்கி, நிரம்பியதும் தென்னங்கீற்றால் மூடுங்கள். அரிசி களைந்த நீரை வீணாக்காமல் தெளியுங்கள். பிழிந்த துணியின் ஈரம் இருந்தால் போதும். நாற்றம் எழுந்தால் ஈரம் மிகுந்துவிட்டது என்று பொருள். உலர்ந்த இலை சேர்க்கவேண்டும். மாதம் ஒருமுறை ஒரு பக்கத்துக் கற்களை எடுத்துவிட்டு, மேலுள்ளது கீழாகப் புரட்டினால் விரைவில் மக்கும்.

மூன்றாம் மாத முடிவில் ஒரு பிடி எடுத்து முகர்ந்து பாருங்கள். முதல்மழை பெய்த மண்ணின் மணம் வந்தால் கத்தரிப் பாத்திக்குக் கொண்டு செல்லலாம். வாராவிடின், நீர் தெளித்து மூடி, இன்னும் பதினைந்து நாள் பொறுத்துப் பாருங்கள்.