இரண்டு முறை அடித்த மூன்றெழுத்து

நம் சமுதாயக் கூடக் கதவில் இருந்த பழைய எண்பூட்டு உங்களுக்கு நினைவிருக்கும். நான்கு இலக்கம், 10,000 சேர்க்கைகள். ஆனால் நாளடைவில் நான்கு பொத்தான்கள் மட்டும் தேய்ந்து வெளுத்துப் போயின. அதைப் பார்த்த நம் குடியிருப்புப் பையன் ஒருவன், "அங்கிள், 24 தடவைக்குள்ள யார் வேணும்னாலும் திறந்துடலாம்" என்றான். மறுவாரமே பூட்டை மாற்றினோம். அவன் சொன்னதைக் கேட்டபோது எனக்கு எனிக்மா ஞாபகம் வந்தது.

வானொலியில் அனுப்பும் ராணுவச் செய்தி எதிரியின் காதிலும் விழும். அதைத் தடுக்க வழியில்லை. விழுந்தாலும் புரியாமல் இருக்க ஜெர்மானியர் நம்பிய இயந்திரம்தான் எனிக்மா. ஆர்தர் ஷெர்பியஸ் 1918-இல் காப்புரிமை கோரிய கருவி அது. பார்க்கத் தட்டச்சுப் பொறி போல இருக்கும். ஒரு எழுத்தை அழுத்தினால் வேறொரு எழுத்தின் விளக்கு எரியும், உள்ளே சக்கரம் ஒரு படி நகரும். அதே எழுத்தை மறுபடி அழுத்தினால் இன்னொரு விளக்கு. முன்பக்கத்தில் பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் போல ஒயர் செருகும் பலகை வேறு. உலகப் போர்க் காலத்தில் இதை அமைக்கும் வழிகள் ஏறத்தாழ 16 லட்சம் கோடி கோடி. ஒவ்வொன்றாக முயன்று பார்ப்பது நடக்கிற காரியமா?

பலவீனம் அந்த எண்ணிக்கையில் இல்லை. அன்றைய பொது அமைப்பை ஆபரேட்டர்கள் அச்சிட்ட தாளைப் பார்த்து வைப்பார்கள். பிறகு ஒவ்வொரு செய்திக்கும் தாங்களே மூன்றெழுத்துச் சாவி ஒன்றைத் தேர்ந்து, அதையும் மறைத்துச் செய்தியின் தலைப்பில் அனுப்புவார்கள். வானொலி இரைச்சலில் ஒரு எழுத்து தவறினாலும் செய்தி வீணாகுமே! அதனால் சாவியை இரண்டு முறை அடிக்க வேண்டும் என்று விதி. நல்லெண்ணத்தில் போட்ட விதிதான்.

போலந்துக் கணித வல்லுநர் மரியன் ரெஜெவ்ஸ்கிக்கு அது போதுமானதாக இருந்தது. முதல் எழுத்தும் நான்காவதும், இரண்டாவதும் ஐந்தாவதும், மூன்றாவதும் ஆறாவதும் மறைப்பதற்கு முன் ஒரே எழுத்து. ஒரே நாளில் பிடித்த பல செய்திகளின் தலைப்புகளை அடுக்கிப் பார்த்தால் அந்த உறவுகள் சங்கிலிகளாகக் கோக்கின்றன. பணத்துக்காக ஜெர்மானியர் ஒருவர் பிரெஞ்சு உளவுத் துறைக்கு விற்ற ஆவணங்களும் அவர் கைக்கு வந்தன. இரண்டையும் வைத்து, ராணுவ எனிக்மாவைக் கண்ணால் பார்க்காமலேயே, 1932 டிசம்பரில் அதன் சக்கரங்களின் உள் ஒயரிங்கைக் கணக்குப் போட்டே கண்டுபிடித்துவிட்டார். கணக்குப் பாடம் எதற்கு உதவும் என்று கேட்கும் பிள்ளைகளிடம் இதைச் சொல்லுங்கள்.

1939 ஜூலையில், போர் மூளச் சில வாரங்களே இருந்தபோது, வார்சாவுக்கு அருகே போலந்துக்காரர்கள் தங்களுக்குத் தெரிந்ததையெல்லாம் பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் கொடுத்தார்கள். ஜெர்மன் தரைப்படையும் விமானப்படையும் சாவியை இரட்டிப்பதை நிறுத்தியது 1940 மே மாதம்தான். அதற்குள் பிரிட்டனின் பிளெட்ச்லி பார்க்கில் இருந்தவர்கள் ஆபரேட்டர்களின் சுபாவத்தையே படித்துவிட்டார்கள். காலையில் இயந்திரத்தை அமைத்தவர், அலுப்பில் சக்கரங்களை அதிகம் நகர்த்தாமலேயே முதல் செய்தியை அனுப்புவார் என்று ஜான் ஹெரிவல் என்ற இளைஞர் ஊகித்தார். ஊகம் அந்த மே மாதமே பலித்தது.

இன்னொரு ஓட்டை இயந்திரத்துக்குள்ளேயே இருந்தது. மறைக்கவும் படிக்கவும் ஒரே அமைப்பு போதும் என்ற வசதிக்காக வைத்த ஒரு பாகத்தால், எந்த எழுத்தும் தானாகவே வெளிவராது. இத்தாலியக் கடற்படையின் செய்தி ஒன்றில் 'எல்' எழுத்தே இல்லாததை மேவிஸ் லீவர் என்ற இளம்பெண் கவனித்தார். சோதனைக்காக ஏதோ அனுப்பச் சொன்னதும், யாரோ சோம்பேறி 'எல்' பொத்தானையே தொடர்ந்து அழுத்தியிருக்கிறார்!

ரெஜெவ்ஸ்கி 1946-இல் ஊர் திரும்பிக் கணக்கு எழுதும் வேலை பார்த்தார். அவர் செய்தது என்ன என்பது 1970-களில்தான் பரவலாகத் தெரியவந்தது.