கோதாவரியின் ஹேவ்லாக் பாலம்

ஆந்திரத்தின் ராஜமுந்திரியில் கோதாவரியின் குறுக்கே மூன்று ரயில் பாலங்கள் நிற்கின்றன. 1900இல் திறக்கப்பட்ட ஹேவ்லாக் பாலம்தான் அவற்றில் மூத்தது. சுமார் 2.7 கி.மீ. நீளம், 56 கண்கள், ஒரு கண்ணுக்கு 150 அடி. கருங்கல் தூண்கள் மேல் எஃகுச் சட்டங்களைக் கோத்துக் கட்டிய ஒற்றைப் பாதைப் பாலம் அது. 1997க்குப் பிறகு அதன் மேல் ரயில் ஓடவில்லை.

சென்னையையும் கல்கத்தாவையும் கிழக்குக் கரையோரமாக இணைக்கும் ரயில் பாதை 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டு வரை இல்லை. அதுவரை ஒன்று கப்பலேற வேண்டும். அல்லது மேற்கே ராய்ச்சூர் வரை போய், நாட்டைச் சுற்றிக்கொண்டு வடக்கே செல்ல வேண்டும். கிழக்குக் கரை ரயில்வே 1893 தொடங்கி, பெஜவாடாவிலிருந்து (இன்றைய விஜயவாடா) கட்டாக் நோக்கிப் பாதையைப் பகுதி பகுதியாகத் திறந்தது. பெஜவாடாவில் கிருஷ்ணைக்குப் பாலம் வந்துவிட்டது. கோதாவரிதான் மிச்சம். கொவ்வூரில் ரயிலை விட்டு இறங்கி, மூட்டை முடிச்சோடு படகேறி, அக்கரையில் ராஜமுந்திரியில் மறுபடி ரயில் பிடிக்க வேண்டியிருந்தது. வெள்ளக் காலத்தில் அந்த ஆற்றைப் பார்த்தவர்களுக்கு இதன் சிரமத்தை விளக்கத் தேவையில்லை.

1897 நவம்பரில் பாலப் பணி தொடங்கியது. பொறுப்பேற்றவர் எஃப். டி. கிரான்வில் வால்டன். காசியில் கங்கையின் குறுக்கே 1887இல் திறக்கப்பட்ட டஃப்ரின் பாலத்தைக் கட்டி முடித்த அனுபவசாலி. கோதாவரியிலும் அவருக்கு எதிராக நின்றது மணல்தான். மணலாற்றில் தூணை நிறுத்த அன்று இருந்த வழி கிணறு இறக்குவது. கூரான விளிம்புள்ள இரும்பு வளையத்தை ஆற்றுப்படுகையில் வைத்து, அதன் மேல் வட்டமாகச் சுவர் எழுப்புவார்கள். உள்ளே இருக்கும் மணலை வாரி எடுக்க எடுக்க, சுவர் தன் பாரத்தாலேயே கீழே இறங்கும். நடுவில் சிக்கிக்கொண்டால் மேலே தண்டவாளங்களை அடுக்கிப் பாரம் ஏற்றுவார்கள். உறுதியான தரை கிடைத்ததும் உள்ளே கான்கிரீட்டை நிரப்பி, அதன் மேல் தூணைக் கட்டுவார்கள். ஒவ்வொரு தூணுக்கும் இதே பாடு. இந்த வேலையை மூன்றே ஆண்டுகளுக்குள் முடித்தது இன்றைய கணக்கிலும் பெரிய சாதனை.

மேலே உள்ள எஃகுச் சட்டகத்தின் சூட்சுமம் முக்கோணத்தில் இருக்கிறது. நான்கு சட்டங்களைச் சதுரமாகப் பூட்டினால் அழுத்தத்தில் கோணிப்போகும். மூன்றைப் பூட்டினால் வடிவம் மாறாது. ரயிலின் பாரம் சில சட்டங்களை இழுக்கும், சிலவற்றை நெருக்கும். முடிவில் அவ்வளவும் தூணில் போய் இறங்கும். சட்டங்களை இணைப்பவை ரிவெட்டுகள். அவற்றைச் செக்கச்சிவக்கக் காய்ச்சித் துளையில் செருகி, மறுமுனையை அடித்துத் தட்டையாக்குவார்கள். ஆறும்போது ரிவெட் சுருங்கித் தகடுகளை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்.

1900 ஆகஸ்ட் 30 அன்று பாலம் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது. அதே ஆண்டில் வங்காளத்தில் ரூப்நாராயண் ஆற்றுப் பாலமும் முடிந்ததால், சென்னைக்கும் ஹவுராவுக்கும் இடையே கரையோரப் பாதை முழுமை பெற்றது. பாலத்துக்கு அன்றைய சென்னை ஆளுநர் ஆர்தர் எலிபேங்க் ஹேவ்லாக்கின் பெயர் சூட்டப்பட்டது. அதற்கு முன்பு இலங்கையில் ஆளுநராக இருந்து, அங்கே நெல் வரியை ஒழித்தவர் இவர். அந்தமானில் 2018இல் ஸ்வராஜ் தீவு எனப் பெயர் மாறிய ஹேவ்லாக் தீவுக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை. அந்தத் தீவு, 1857 கிளர்ச்சியை ஒடுக்கிய படைத்தளபதி ஹென்றி ஹேவ்லாக்கின் பெயரைத் தாங்கியிருந்தது.

1974இல் மேலே சாலையும் கீழே ரயிலுமாக இரண்டாவது பாலம் வந்தது. மூத்த பாலம் அப்போதும் உழைத்துக்கொண்டிருந்தது. 1986 ஆகஸ்டில் பத்ராசலத்தில் கோதாவரி 75.6 அடியைத் தொட்ட பெருவெள்ளத்தையும் அது தாங்கியது. ஆனால் எஃகு ஓயாத அதிர்வில் களைத்துப்போகும். ரயில்களின் எடையோ ஏறிக்கொண்டே இருந்தது. வில் வடிவ கான்கிரீட் வளைவுகளோடு மூன்றாவது பாலம் 1997இல் தயாரானதும் ஹேவ்லாக் பாலம் ஒதுக்கப்பட்டது.

பிறகு அதைப் பழைய இரும்பாக விற்கும் பேச்சு எழுந்தது. உள்ளூர் மக்கள் எதிர்த்தார்கள். நடைபாதையாக்கலாம், சுற்றுலாத் தலமாக்கலாம் என்று திட்டங்கள் பல அறிவிக்கப்பட்டன. அறிவிப்புகளுக்கு இடையே ஆண்டுகள் கடந்தன, துரு நிற்கவில்லை. வண்ணம் பூசாத எஃகுக்கு ஆற்றுக்காற்றும் மழையுமே எமன். 2025 ஜூனில் சுமார் 94 கோடி ரூபாயில் ‘அகண்ட கோதாவரி’ திட்டத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. பாலத்தைச் சீரமைப்பதும் அதில் அடங்கும்.

ரயில் ஓடத்தான் இந்தப் பாலத்துக்கு வலுவில்லை. மனிதர் நடக்க அதைப் பழுதுபார்த்துக் கொடுக்க முடியும். 2027இல் ஆற்றில் புனித நீராடும் விழாவான கோதாவரி புஷ்கரம் வருகிறது. ராஜமுந்திரியில் லட்சக்கணக்கானவர்கள் கூடுவார்கள். அதற்குள் துருவைச் சுரண்டி வண்ணம் பூசும் வேலையாவது முடிந்தாக வேண்டும்.