முதல்நூலும் வழிநூலும்: கணினி விளையாட்டில் எழுந்த உரிமை வழக்குகள்



வரலாறு என்றவுடன் முடிமன்னரும் போர்க்களமுமே நம் நினைவுக்கு வருகின்றன. விளையாட்டுக்கும் வரலாறு உண்டு. அவ்வரலாற்றிலும் உரிமைப் போர்கள் நிகழ்ந்துள்ளன. கணினி விளையாட்டை ஆடி மகிழ்ந்தவர்களே அதற்குப் புதிய பகுதிகளைப் படைக்கத் தொடங்கினர். அப்படைப்பு யாருக்கு உரியது? முதலில் விளையாட்டை ஆக்கியவருக்கா, பின்னர் புதுப்பகுதியைச் சேர்த்தவருக்கா? அமெரிக்க நாட்டு நீதிமன்றங்களில் இவ்வினா எவ்வாறு ஆராயப்பட்டது என்பதை இன்று காண்போம்.

நம் இலக்கண ஆசிரியர்கள் நூலை முதல்நூல் என்றும் வழிநூல் என்றும் பகுத்தனர். தொகுத்தும் விரித்தும் மொழிபெயர்த்தும் செய்யப்படுவன வழிநூல்களுள் அடங்கும் எனத் தொல்காப்பியம் கூறும். இக்காலப் பதிப்புரிமைச் சட்டமும் இப்பாகுபாட்டை அறியும். ஆனால் வழிநூல் இயற்றும் உரிமையும் முதல்நூலின் உரிமையாளருக்கே உரியது என்பது அச்சட்டத்தின் கோட்பாடு. பிறர் இயற்ற விரும்பினால் அவருடைய இசைவைப் பெறுதல் வேண்டும். இதனை மனத்திற் கொண்டால் பின்வரும் வழக்குகள் எளிதில் விளங்கும்.

1981ஆம் ஆண்டு. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த இளைஞர் சிலர், நாணயம் இட்டு ஆடும் விளையாட்டுப் பொறிகளை மாணவர் விடுதிகளில் நடத்தி வந்தனர். அட்டாரி நிறுவனம் 1980இல் வெளியிட்ட 'மிசைல் கமாண்ட்' என்னும் விளையாட்டில் ஆடுவோர் தேர்ச்சி பெற்றுவிட்டனர். ஒரே நாணயத்தில் நெடுநேரம் ஆடினர், வருவாய் குறைந்தது. ஆகவே அவ்விளையாட்டைக் கடினமாக்கும் ஓர் இணைப்புப் பலகையை இளைஞர்கள் உருவாக்கி விற்கலாயினர். அட்டாரி வழக்குத் தொடுத்தது. முடிவு யாது? நிறுவனம் அவர்களோடு உடன்பாடு செய்துகொண்டு, தனக்கே விளையாட்டுகள் ஆக்கித் தருமாறு அமர்த்திக்கொண்டது. மூல நிறுவனத்தின் இசைவின்றி இத்தகைய இணைப்புகளை விற்பதில்லை என அவர்களும் ஒப்புக்கொண்டனர். அதனாலேயே தாங்கள் ஆக்கியிருந்த அடுத்த படைப்பை மிட்வே நிறுவனத்திடம் கொண்டு சென்றனர். அதுவே 1982இல் 'மிஸ் பேக்-மேன்' என்னும் பெயரில் வெளிவந்து பெரும்புகழ் எய்தியது. இசைவு பெற்ற வழிநூல் வாழ்ந்தது என்க.

பன்னீராண்டுகள் கழிந்தன. 1993 டிசம்பரில் 'டூம்' என்னும் விளையாட்டு வெளிவந்தது. அதனை ஆக்கியோர், விளையாட்டை இயக்கும் நிரலை ஒரு பக்கமும், படம், ஒலி, களம் ஆகியவற்றை வேறொரு கோப்பிலுமாகப் பிரித்து வைத்தனர். ஆர்வமுடையோர் தாமே புதிய களங்களை அமைக்க இது வழிவகுத்தது. 1996இல் வந்த 'டியூக் நூகெம் 3டி' இன்னும் ஒருபடி மேலே சென்றது. களம் அமைப்பதற்கான கருவியையே விளையாட்டோடு சேர்த்து அளித்தது. ஒரே ஒரு நிபந்தனை: அவ்வாறு அமைத்த களங்களைப் பிறர்க்கு இலவசமாகவே வழங்குதல் வேண்டும்.

மக்கள் மகிழ்ந்து படைத்தனர். இணையத்தின் வழியே ஒருவரோடொருவர் பகிர்ந்தனர். அவ்வேளையில் மைக்ரோ ஸ்டார் என்னும் நிறுவனம் இடையே புகுந்தது. ஆர்வலர்கள் படைத்த 300 களங்களைத் திரட்டி, ஒரு குறுந்தகட்டில் பதித்து, 'நூக் இட்' எனப் பெயரிட்டு விற்றது. ஊரார் வீட்டு நெய்யில் பலகாரம் சுட்டு விற்ற கதை இது. தான் செய்தது குற்றமன்று என அறிவிக்குமாறு அந்நிறுவனமே நீதிமன்றத்தை நாடியது. விளையாட்டின் உரிமை பெற்ற பார்ம்ஜென் முதலிய நிறுவனங்கள் எதிர்வழக்காடின.

மைக்ரோ ஸ்டாரின் வாதம் கூர்மையானது. 'எங்கள் கோப்புகளில் உங்கள் ஓவியம் ஒன்றேனும் இல்லை. எந்த இடத்தில் எந்தப் படத்தை வைக்கவேண்டும் என்னும் குறிப்புகளே உள்ளன' என்பது அதன் சாரம். கீழ் நீதிமன்றம் இதனைப் பெரும்பாலும் ஏற்றது. தகட்டின் உறையில் விளையாட்டுக் காட்சிகளை அச்சிட்டதை மட்டும் தடுத்தது.

1998இல் ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. அதன் கருத்தை ஓர் உவமையால் விளக்குவேன். ஒரு நாடகக் குழுவிடம் தீட்டிய திரைகளும் உடைகளும் உள்ளன. முதற்காட்சிக்கு மூன்றாம் திரை, நாயகனுக்கு ஐந்தாம் உடை, அவன் பகைவனை வெல்லும் இடம் இது என வெளியார் ஒருவர் குறிப்பேடு எழுதுகிறார். அவ்வேட்டில் ஓவியம் இல்லை என்பது மெய்யே. ஆயினும் அதன்படி ஆடப்படுவது அக்குழுவின் நாயகனது கதையன்றோ? அதுபோலவே அக்களங்கள் டியூக் நூகெமின் புதிய வீரச் செயல்களைக் கூறும் தொடர்கதைகள் என நீதிமன்றம் கொண்டது. தொடர்கதை இயற்றும் உரிமை மூலக்கதைக்கு உரியவருடையது. இலவசமாக வழங்க அளித்த இசைவு, விற்பனை செய்ய அளித்த இசைவு ஆகாது.

இங்கே ஒன்றை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். வழக்காடியவர் இரு திறத்தாரும் நிறுவனத்தாரே. இரவும் பகலும் உழைத்து அந்த 300 களங்களை அமைத்தவர்கள் வாதியும் அல்லர், பிரதிவாதியும் அல்லர். மூலவரின் உரிமை நிலைநாட்டப்பட்டது. வழியாசிரியரின் உரிமை யாது என்னும் வினா அவ்வாறே நின்றது.

அவ்வினா மீண்டும் தலைதூக்காமல் இருக்கவில்லை. 2003இல் பிளிசார்டு நிறுவனத்தின் 'வார்கிராப்ட் 3' விளையாட்டைக் கொண்டு ஆர்வலர் ஒருவர் 'டோட்டா' என்னும் களத்தை அமைத்தார். பின்வந்தோர் பலர் அதனை வளர்த்தனர். அவருள் ஒருவரை 2009இல் வால்வ் நிறுவனம் பணியில் அமர்த்தி, அப்பெயரிலேயே தனி விளையாட்டை ஆக்க முற்பட்டது. பெயர் யாருக்கு என்னும் பிணக்கு 2012இல் உடன்பாட்டில் முடிந்தது. பின்னர் அவ்விரு நிறுவனங்களும் சேர்ந்து வேறு நிறுவனங்கள்மீது தொடுத்த வழக்கில், பலர் கைபட்ட இப்படைப்பின் உரிமை எவரிடமிருந்து எவருக்கு வந்தது என்பதே பெருஞ்சிக்கலாயிற்று. 2017இல் நீதிமன்றம் அதனை ஜூரர்களே ஆராய்தல் தகும் என்றது. பிளிசார்டு நிறுவனமோ 2020இல் 'வார்கிராப்ட் 3' விளையாட்டைப் புதுப்பித்தபோது, அதில் ஆர்வலர் அமைக்கும் களங்கள் அனைத்தும் தனக்கே சொந்தம் என விதி வகுத்தது.

மாணவர்களே! உங்களுள் சிலர் இத்தகைய களங்களை அமைத்திருக்கலாம். இனி அமைக்கவும் கூடும். அப்போது விளையாட்டோடு வரும் உரிம விதிகளைப் பொறுமையாகப் படியுங்கள். அவற்றை ஏற்பதாகச் சொல்வது கையெழுத்திட்டதற்கு ஒப்பாகும். உங்களோடு உழைத்தவர் பெயர்களையும் அவரவர் செய்த பணியையும் எழுதி வையுங்கள். உங்களுக்கு முன் உழைத்தவரை மறவாதீர்கள். டோட்டாவின் வழக்கில் அறிஞர்கள் ஆண்டுக்கணக்கில் ஆராய நேர்ந்தது, தொடக்கத்திலேயே இவற்றைத் தெளிவாக வரையறுத்து வையாமையால் அன்றோ?