அணையா விளக்கும் அரை விளக்கும்

சோழர் காலக் கல்வெட்டுகளில் 'நந்தாவிளக்கு அரை' என்றொரு கொடை வரும். முழு விளக்கின் நெய்க்கு வேண்டிய ஆடுகளை விட வசதியில்லாதவர் அவற்றில் பாதியை விட்டு, அணையாத விளக்கில் பாதியைத் தம் பெயரில் எரியச் செய்வார். மற்றப் பாதி இன்னொருவர் கணக்கு. அணையா விளக்கு என்றதுமே மந்திரத்தைத் தேடுகிறவர்களுக்கு இந்த 'அரை' இடறும். அற்புதத்தைப் பங்கு போட முடியாது. செலவைப் பங்கு போடலாம்.

பழைய உலகத்து அணையா விளக்குக் கதைகளை எல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டி 'மூதாதையர் மறைத்துவைத்த தொழில்நுட்பம்' என்று பெயர் ஒட்டும் வழக்கம் இன்று பெருகியிருக்கிறது. அந்த மூட்டைக்குள் இரண்டு வேறு சரக்குகள் கிடக்கின்றன என்பதே என் வாதம். ஒன்று, மூடிய கல்லறைக்குள் ஆளில்லாமல் எரிந்ததாகச் சொல்லப்படும் விளக்கு. இன்னொன்று, கோயிலில் ஆள் வைத்து எரித்த விளக்கு. முதலாவதற்கு உள்ள சான்று வாய்ச்சொல் மட்டும். இரண்டாவதற்குக் கல்லிலும் செம்பிலும் ஓலையிலும் வரவு செலவே இருக்கிறது. அதிலும் தமிழகமும் தென்திருவிதாங்கூரும் தருமளவு விரிவான சான்று அரிது.

கல்லறை விளக்கை முதலில் முடித்துவிடலாம். 1485 ஏப்ரலில் ரோம் நகருக்கு வெளியே ஆப்பியன் சாலையோரம் தோண்டியபோது அழியாத நிலையில் ஓர் இளம்பெண்ணின் உடல் கிடைத்தது. ஊரே திரண்டு பார்த்தது. பின்னர் அந்த உடலைச் சிசரோவின் மகள் துல்லியா ஆக்கினார்கள். கல்லறைக்குள் 1500 ஆண்டு எரிந்த விளக்கு, திறந்தவுடன் காற்றுப்பட்டு அணைந்தது என்ற கதையும் சேர்ந்துகொண்டது. பதுவா நகரத்து ஒலிபியஸ் கல்லறை விளக்குக்கும் இதே மாதிரிக் கதைதான். 1621இல் பார்ச்சூனியோ லிசெட்டி இப்படிப்பட்ட கதைகளைத் தொகுத்துப் பெரிய நூலே எழுதினார். ஒத்தாவியோ பெராரி பின்னர் அவற்றை மறுத்து எழுதினார். கதைகளின் அமைப்பே அவற்றைக் காட்டிக்கொடுக்கிறது: விளக்கு எரிவதைப் பார்க்கக் கதவைத் திறக்க வேண்டும், திறந்தால் அணைந்துவிடும். சாட்சி எப்போதும் ஒரு நொடி தாமதமாகவே வந்து சேர்கிறார். மூடிய அறையில் தீ எரிந்தால் உள்ளிருக்கும் உயிர்வளி குறைந்ததும் அணையும். எண்ணெய் குறையாமல் சுடர் மட்டும் எரிய வழியே இல்லை. இதற்கு மேல் இதில் நேரம் செலவிட வேண்டியதில்லை.

கோயில் விளக்கு வேறு கதை. ஏதென்ஸ் அக்ரோபோலிசில் அத்தீனா தேவியின் முன் கல்லிமாக்கஸ் செய்த பொன்விளக்கு இருந்ததாக, கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அங்கு போன பவுசானியஸ் எழுதுகிறார். ஆண்டுக்கு ஒருமுறைதான் எண்ணெய் ஊற்றுவார்கள். இரவும் பகலும் எரியும். திரி கார்ப்பாசிய நார், அதாவது நெருப்பு தின்னாத கல்நார். இன்றைய தொழில்நுட்ப ஆர்வலர்கள் துள்ளிக் குதிப்பது இந்தத் திரியைக் கண்டுதான். அவர்கள் புளூட்டார்க்கையும் சேர்த்துப் படிக்க வேண்டும். கி.மு. 87-86இல் ரோமத் தளபதி சுல்லா ஏதென்ஸை முற்றுகையிட்டபோது, உள்ளே ஆண்ட அரிஸ்தியோன் அந்தப் புனித விளக்கை எண்ணெயில்லாமல் அணைய விட்டான் என்கிறார் அவர். திரி எரியாததுதான், எண்ணெய்தான் வரவில்லை. அம்மோன் கோயில் பூசாரிகள் சொன்னதாக அவர் தரும் செய்தி இன்னும் சுவையானது. தங்கள் அணையா விளக்கு ஆண்டுக்கு ஆண்டு குறைவாக எண்ணெய் குடிக்கிறது, ஆகவே ஆண்டுகளின் நீளமே குறைந்துகொண்டு வருகிறது என்று அவர்கள் வாதிட்டார்களாம். முடிவு அபத்தம்தான். ஆனால் அப்படி வாதிட, ஒவ்வோர் ஆண்டும் எண்ணெயை அளந்து குறித்துவைத்த ஒரு கோயில் இருந்திருக்க வேண்டும். ரோமில் வெஸ்தா நெருப்பு அணைந்தால் காவலிருந்த கன்னிக்குக் கசையடி. தானாக எரியும் தீக்கு எவரும் தண்டனை விதிக்க மாட்டார்கள்.

தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் வைத்த விளக்குகளின் ஏற்பாடு இன்றும் கல்லில் படிக்கக் கிடைக்கிறது. ஒரு விளக்குக்கு நாளொன்றுக்கு உழக்கு நெய். அதற்கு 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை. இந்த எண்களைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். நான்கு உழக்கு ஒரு நாழி. நாளுக்கு உழக்கு வீதம் 360 நாளுக்கு 90 நாழி நெய். முற்காலச் சோழர் கல்வெட்டுகள் பலவற்றில் ஒரு விளக்குக்கு 90 ஆடு என்றே வருகிறது: ஓர் ஆட்டுக்கு ஆண்டுக்கு ஒரு நாழி. ஒரு கலம் 96 நாழி. தஞ்சையின் 96 ஆட்டை அந்தக் கலத்தோடு பொருத்தினால் விகிதம் மாறவில்லை, சிறிது கையிருப்பு மட்டும் சேர்கிறது. பசுவுக்கு இரண்டு நாழி, எருமைக்கு ஆறு நாழி. கல்வெட்டு இந்த வகுத்தலைச் சொல்லவில்லை. இது என் ஊகம். ஆனால் இத்தனை எண்களும் மிச்சமில்லாமல் வகுபடுவதைத் தற்செயல் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. நெய்யை அளந்த ஒருவர்தான் ஆட்டையும் எண்ணியிருக்கிறார்.

அந்த ஆடுகளுக்கு ஆவணம் தரும் பெயர் 'சாவா மூவாப் பேராடு'. சாகாது, கிழடும் ஆகாது. தமிழ்நாட்டில் அணையாமைத் தொன்மம் ஒன்று உண்டென்றால் அது குடியிருப்பது திரியிலல்ல, இந்த மந்தையில். ஆடு சாகும் என்பது அதை ஏற்று மேய்த்த மன்றாடிக்கு, அதாவது இடையருக்கு, தெரியாததா? செத்த ஆட்டுக்கு ஈடாகக் குட்டியைச் சேர்த்து எண்ணிக்கையை நிறுத்துவது அவர் பொறுப்பு. பெருகியது அவர் ஆதாயம். கோயிலுக்கு வேண்டியது சந்திராதித்தவரை, அதாவது நிலவும் ஞாயிறும் உள்ளவரை, நாளுக்கு உழக்கு நெய் மட்டுமே. கொடுத்த மன்னனின் பெயரோடு, ஆட்டை ஏற்ற இடையரின் பெயரும் ஊரும் தஞ்சைக் கல்லில் வரிசை வரிசையாக ஏறியிருப்பது இதனால்தான். வரலாற்று நூல்களில் அந்தப் பெயர்களை அடிக்குறிப்புக்குக்கூட இழுத்துவராதது நம் ஆய்வுலகின் குறை என்றே சொல்வேன்.

விளக்கு வைத்தவர்களில் அரசரும் அரசியரும் வணிகரும் மட்டுமில்லை. வேட்டைக்குப் போய் விலங்கென்று எண்ணி மனிதனை எய்துவிட்டவனுக்கு, ஊராரும் நாட்டாரும் கூடி, உயிருக்கு உயிர் வேண்டாம், கோயிலில் நந்தாவிளக்கு வை என்று தீர்ப்பளித்த கல்வெட்டுகள் பல உண்டு. செத்தவன் பெயரில் ஒரு சுடர். எய்தவன் தலையில், அவன் சந்ததிக்கும் சேர்த்து, ஒரு மந்தையின் கடன்.

இதே காலத்தில் எழுந்த பெரியபுராணத்தின் விளக்குக் கதைகளையும் இந்த வெளிச்சத்தில்தான் படிக்க வேண்டும். சேக்கிழார் சோழ அரசில் அமைச்சராக இருந்தவர். எண்ணெய் எங்கிருந்து வருகிறது என்பது அவருக்குத் தெரியும். திருவொற்றியூர்க் கலியநாயனார் செக்குத் தொழிலில் செல்வம் சேர்த்தவர். செல்வம் தீர்கிறது, கூலிக்குச் செக்காட்டுகிறார், கூலி வேலையும் நிற்கிறது, வீடு போகிறது, மனைவியை விற்கப் பார்த்து வாங்குவாரில்லாமல், கடைசியில் கழுத்தை அரிந்து குருதியால் அகல் நிறைக்கத் துணிகிறார். கணம்புல்லர் புல் அறுத்து விற்று நெய் வாங்கியவர். புல் விலைபோகாத நாளில் புல்லையே எரிக்கிறார், அதுவும் நேரத்துக்கு எட்டாதபோது தலைமுடியை மூட்டுகிறார். இரண்டு கதையிலும் உயிர்நாடி ஒன்றே: விளக்கு அணையப் போகிறது. தானே எரியும் விளக்கைப் பற்றிச் சேக்கிழார் பாட வரவில்லை. வேதாரணியத்துத் தலபுராணத்திலும் நெய் குடிக்க வந்த எலி தற்செயலாகத் திரியைத் தூண்டிவிட, மங்கிய சுடர் நிமிர்ந்தது. அந்தப் புண்ணியத்தில் எலி மறுபிறவியில் மாபலிச் சக்கரவர்த்தி ஆயிற்று. மலையாள நாடு ஓணத்துக்கு வரவேற்கும் அதே மாபலிதான். ஒரு விளக்கைத் தூண்டியதற்கு மூவுலகும் கூலி!

நமிநந்தியடிகள் மட்டும் இதற்கு விலக்காகத் தோன்றலாம். நெய் கேட்ட வீட்டில் ஏளனம் செய்து அனுப்பவே, அவர் திருவாரூர்க் குளத்து நீரை ஊற்றி விளக்கெரித்தார். எரிபொருள் அற்புதம் இது, மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தக் குளத்து நீர் தானாக அகலுக்குள் ஏறவில்லை. அவர் முகந்து வந்து ஊற்றினார். விடியும்வரை எரியும் அளவுக்கு ஊற்றினார். அற்புதம் நெய்க்குத்தான் ஈடு கொடுத்தது, ஆளுக்கு ஈடு கொடுக்கவில்லை.

இனித் தென்திருவிதாங்கூர்ச் சான்றுக்காகக் கழக்கூட்டம் பக்கம் வருவோம். திருவனந்தபுரத்துக்கு வடக்கே, 1990இல் தொடங்கிய டெக்னோபார்க்கால் இன்று எல்லோருக்கும் தெரிந்த ஊர். ஆய் வேளிர் நாடாகவும் பின்னர் வேணாடாகவும் இருந்த மண். மழை ஓயாத இந்த நாட்டில் சோழநாட்டு அளவுக்குச் செம்மறி மந்தை வைத்துப் பிழைக்க முடியாது. ஆகவே விளக்கின் முதல் இங்கே ஆட்டிலிருந்து நிலத்துக்கு மாறுகிறது. திருவல்லா வட்டெழுத்துச் செப்பேடுகளில் திருவிளக்குக்கும் திருவமுதுக்கும் நிலம் நிலமாக ஒதுக்கியிருப்பதைக் காணலாம். நிலம் சாகாது, அதற்குச் 'சாவா மூவா' என்று பட்டம் கட்ட வேண்டிய தேவையில்லை. ஆனால் நிலத்துக்கு வேறு ஆபத்து உண்டு: வருமானத்தை யாராவது மறித்துக்கொள்ளலாம். 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இராசசேகரனின் வாழப்பள்ளிச் செப்பேடு, திருவாற்றுவாய்க் கோயிலின் முட்டாப்பலியை, அதாவது தடையற்ற அன்றாடப் படையலை, முடக்குபவருக்கு நூறு தீனாரம் தண்டம் விதிக்கிறது. தாயை மணந்த பாவத்தையும் சேர்த்துச் சுமத்துகிறது. தமிழ்நாட்டுக் கல் மந்தையைக் காத்தது. சேரநாட்டுச் செம்பு, மறிப்பவனை மிரட்டியது.

அந்த மிரட்டல் வெறும் எழுத்தாக நிற்கவில்லை. எட்டுவீட்டில் பிள்ளைமாருள் ஒருவராக மரபு எண்ணும் கழக்கூட்டத்துப் பிள்ளை இவ்வூர்க்காரர். திருவனந்தபுரம் பத்மநாபசாமி கோயிலின் நிலங்களைக் கண்காணித்துப் பாட்டம் பிரித்த அதிகாரம் இந்த வீடுகளிடம் இருந்தது. 1729இல் பட்டமேறிய மார்த்தாண்டவர்மா அவர்களை ஒழித்து, 1750இல் நாட்டையே பத்மநாபனுக்குத் திருப்படித்தானம் செய்தார். சி.வி. ராமன் பிள்ளையின் 'மார்த்தாண்டவர்மா' நாவல் வழி பரவிய வீரமும் வஞ்சமும் ஒருபுறம் இருக்கட்டும். கோயில் செலவுக்கு வரும் நெல் யார் கையால் அளக்கப்படுவது என்பதும் அந்தச் சண்டையின் ஒரு முகம். ஆறாண்டுக்கு ஒருமுறை, முறைஜபம் என்னும் வேத ஓதலின் முடிவில், அந்தப் பத்மநாபசாமி கோயிலில் லட்சதீபம் ஏற்றுகிறார்கள். ஓரிரவு வெளிச்சம், மறுநாள் இல்லை. பெருங்கூட்டம் கூடுவது அதற்குத்தான். உள்ளே அன்றாடம் எரியும் விளக்கை யாரும் வேடிக்கை பார்க்க வருவதில்லை.

மரபு சில விளக்குகளுக்கு நூற்றாண்டுக் கணக்கில் வயது சொல்கிறதே என்று கேட்கலாம். ஏற்றுமானூர் மகாதேவர் கோயிலின் வலியவிளக்கும், கொடுங்கல்லூர்ச் சேரமான் பள்ளிவாசலின் எண்ணெய் விளக்கும் நெடுங்காலமாக அணைந்ததில்லை என்பது நம்பிக்கை. ஒருநாள்கூட அணையவில்லை என்று மெய்ப்பிக்க எந்தச் சான்றாலும் முடியாது. பொய்யென்று காட்டவும் முடியாது. ஆனால் இரண்டு இடத்திலும் மக்கள் இன்றும் நேர்ச்சையாக எண்ணெய் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். பள்ளிவாசல் விளக்குக்கு எல்லா மதத்தாரும் கொடுக்கிறார்கள். தானே எரியும் தீயைத்தான் பார்க்க வேண்டும் என்பவர் இமாசலத்து ஜுவாலாமுகிக்குப் போகலாம்; பாறை இடுக்கில் கசியும் எரிவாயு அங்கே சுடராக நிற்கிறது. அது இயற்கை, விளக்கன்று.

கழக்கூட்டத்தை அடுத்த செம்பழந்தியில் 1856இல் பிறந்த நாராயண குரு, தமிழும் கற்றுத் தமிழில் பதிகம் பாடியவர், 1921இல் திருச்சூர் மாவட்டம் காரமுக்கில் விளக்கையே மூலவராகப் பிரதிட்டை செய்தார். இது வழிபாட்டுச் சீர்திருத்தம் என்று மட்டும் எழுதிப் போய்விடுகிறார்கள். விளக்கு மூலவருக்கு முன் இருக்கும்போது அது அணைந்தால் மூலவர் இருட்டில் இருப்பார், அவ்வளவுதான். விளக்கே மூலவராகிவிட்டால் பராமரிப்பே வழிபாடாகிறது. வள்ளலார் அதற்கு முன்பே இன்னும் ஒருபடி போயிருந்தார். 1867இல் வடலூர்த் தருமசாலையில் அவர் மூட்டிய அடுப்பை இன்றும் அணையா அடுப்பு என்றே சொல்கிறார்கள். அதற்கும் அன்றாடம் அரிசி வேண்டும், விறகு வேண்டும், கிளறிவிட ஆள் வேண்டும்.

ஆய்வாளர்க்கு ஒரு விண்ணப்பம். கல்வெட்டறிஞர் கோபிநாத ராவ் 1910 முதல் திருவிதாங்கூர்க் கல்வெட்டுகளை வரிசையாகப் பதிப்பிக்கத் தொடங்கி நூறாண்டு தாண்டிவிட்டது. பத்மநாபசாமி கோயிலின் மதிலகம் ஓலைகள் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. கழக்கூட்டத்துக்கு அருகே காரியவட்டத்தில் கேரளப் பல்கலைக்கழகத் தமிழ்த்துறையும் கீழ்த்திசைச் சுவடி நூலகமும் ஒரே வளாகத்தில் உள்ளன. இவற்றிலிருந்து விளக்குச் செலவை மட்டும் தனியே பிரித்தெடுத்து, அளவும் பெயரும் ஊரும் கொண்ட ஒரு பட்டியல் இட வேண்டும். தஞ்சைக் கணக்கோடு ஒப்பிட வேண்டும். ஆட்டு நெய் எந்த எல்லையில் நிற்கிறது, நிலம் எங்கே தொடங்குகிறது, நெய்க்குப் பதில் தேங்காயெண்ணெய் எப்போது நுழைந்தது என்பவற்றுக்கு அப்போதுதான் விடை கிடைக்கும். வட்டெழுத்துப் படிக்கத் தெரிந்த முனைவர்பட்ட மாணவர் யாராவது இந்த வேலையை எடுத்துக்கொள்ள வேண்டும்.