சுதைச் சிலைமேல் விழுந்த வெளிச்சம்

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சென்னையிலிருந்து காமிராவோடு மாமல்லபுரம் புறப்பட்டவர்களின் படங்களுக்கு வெளிச்சம் எப்படி அமைய வேண்டும் என்பதைத் திருக்கழுக்குன்றத்து மலைமேல் இறங்கிய இரண்டு பறவைகளே பெரிதும் தீர்மானித்தன. கடலோரமாக இன்று ஓடும் கிழக்குக் கடற்கரைச் சாலை உருவாவதற்கு முன், கார் வைத்திருந்தோருக்குச் செங்கல்பட்டு வழியாகத் திருக்கழுக்குன்றத்தைத் தொட்டு மாமல்லபுரம் இறங்குவதே வழக்கமான பாதையாக இருந்தது. வேதகிரீசுவரர் மலையில் உச்சிப்பொழுதையொட்டிப் பூசகர் படைக்கும் சர்க்கரைப் பொங்கலை உண்ண, மஞ்சள் முகமும் வெண்ணிறச் சிறகும் கொண்ட பாறுக் கழுகுகள் வந்திறங்கும் காட்சியைக் காணாமல் அந்த ஊரைக் கடந்துபோக எவருக்கும் மனம் வந்திராது. ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட படிகளை ஏறி இறங்கிக் கட்டுச்சோற்றையும் முடித்துக்கொண்டு மேலும் பதினைந்து கிலோமீட்டர் சென்று சேர்வதற்குள், கிழக்கு நோக்கி நிற்கும் அருச்சுனன் தபசுப் பாறையின்மீது நேர்வெயில் விலகி, அதன் முகம் முழுவதும் நிழலுக்குள் போயிருக்கும்.

இந்த நிழல் கல்லுக்குப் பகை, முகத்துக்கு நட்பு. புடைப்புச் சிற்பம், அதாவது பாறையின் பரப்பிலிருந்து சற்றே எழும்பி நிற்குமாறு செதுக்கப்பட்ட உருவம், பக்கவாட்டிலிருந்து சாய்ந்து விழும் வெயிலில்தான் தன் மேடுபள்ளங்களைக் காட்டும். நிழலில் யானையும் பாறையும் ஒரே சாம்பல் நிறமாகித் தட்டையாகிவிடும். ஆனால் அதே பாறையின் முன் பட்டுச்சேலை உடுத்தி நிற்கும் ஒரு பெண்ணின் முகத்தில் கண்ணுக்கடியிலும் மூக்கின் ஓரத்திலும் கரிய நிழல் விழாமல், ஒளி எங்கும் சமமாகப் பரவியிருக்கும். பக்கிங்காம் கால்வாயில் இரவெல்லாம் படகில் பயணம் செய்து விடியற்காலையில் கரையேறியவர்களுக்கு இதற்கு நேர்மாறான பலன் கிடைத்தது: சிற்பம் உயிர் பெற்றுவிடும், எதிரே நிற்பவர்கள் வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொள்வார்கள்.

திரைப்பட ஸ்டில்களும் பத்திரிகை அட்டைப்படங்களும் ஸ்டுடியோவை விட்டு இந்தக் கரைக்கு இறங்கிய திருப்பத்தைச் சொல்ல வேண்டிய இடம் இது. ஆயினும் ஸ்டுடியோவுக்குள் வெளிச்சம் எந்த அளவுக்குக் கைவசமாகியிருந்தது என்பதை அறியாமல், அதை விட்டு வெளியேறியதன் பெருமை விளங்காது. அந்த வசத்தின் உச்சம், கீழ்ப்பாக்கம் நியூடோன் ஸ்டுடியோவில் படமான ‘மீரா’வுக்காகச் செய்யப்பட்ட ஒரு சோதனையாகும்.

அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் பிறந்து, கலிபோர்னியாவில் திரைப்படக் கலை பயின்று, 1935-இல் இந்தியா வந்த எல்லிஸ் ஆர். டங்கன், தமிழ் பேசத் தெரியாமலேயே தமிழ்ப் படங்களை இயக்கியவர் என்பது இத்தொடரின் வாசகர்கள் அறிந்ததே. எம்.எஸ். சுப்புலட்சுமியை ‘சகுந்தலை’யில் ஏற்கெனவே இயக்கியிருந்த அவரும் வங்காளத்து ஒளிப்பதிவாளர் ஜிதேன் பானர்ஜியும், ‘மீரா’ படப்பிடிப்புக்கு முன்பாக எம்.எஸ்ஸின் மார்பளவு உருவத்தைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் சுதையில் வடிக்கச் செய்தனர். அச்சிலையை வைத்து விளக்குகளைப் பலவாறு மாற்றி அமைத்து, ஒவ்வோர் அமைப்பிலும் படம்பிடித்து, போட்டுப் பார்த்து, எந்தக் கோணத்தில் எந்த ஒளி அந்த முகத்துக்குப் பொருந்துகிறது என்பதை ஆராய்ந்து தேர்ந்தனர்.

இதன் நுட்பத்தைச் சற்று நின்று காண்பது தகும். கறுப்பு வெள்ளைப் படக்கலையில் ஒரு முகத்துக்கு அடிப்படையாக மூன்று விளக்குகள் தேவை: முகத்தின் வடிவைத் தீர்மானிக்கும் முதன்மை ஒளி, அது உண்டாக்கும் நிழலின் கருமையைத் தணிக்கும் நிரப்பொளி, தலைமுடியின் விளிம்பில் மெல்லிய கோடிட்டு உருவத்தைப் பின்னணியிலிருந்து பிரித்துக்காட்டும் பின்னொளி. முதன்மை விளக்கை ஓர் அடி உயர்த்தினால் கன்ன எலும்பு துலங்கும், கண்குழி இருளும். தாழ்த்தினால் கண் தெளியும், கன்னம் பரந்துவிடும். உயிருள்ள நடிகையை உட்காரவைத்து இத்தனை மாற்றங்களையும் பார்ப்பதென்றால், விளக்கின் வெப்பத்தில் ஒப்பனை கரையும், களைப்பு முகத்தில் தெரியும், சிறு தலையசைப்பும் முந்தைய கணக்கைக் குலைத்துவிடும். சுதைச் சிலையோ அசையாது, சலிக்காது. அதற்கு நிறமும் இல்லை, புன்னகையும் இல்லை என்பதால், வடிவம் ஒன்றே ஒளியோடு பேசும். ஹாலிவுட்டில் ஜார்ஜ் ஹரல் போன்றோர் நட்சத்திரங்களின் முகங்களை விளக்குகளால் செதுக்கிய காலம் அது. அந்த மரபைச் சென்னைக்குக் கொண்டுவந்த பெருமை டங்கனுக்கு உரியதென்றால், அதைத் தென்னாட்டு முகமொன்றின் எலும்புக்கும் தோலுக்கும் ஏற்பத் திருத்தி எழுதிய பெருமை பானர்ஜிக்கு உரியது. திரை வரலாறுகள் டங்கனுக்குப் பக்கங்களைத் தந்து பானர்ஜிக்கு ஒரு வரியோடு நின்றுவிடுவது பெரும் அநீதி. அந்தக் காலத்து எழிலின் உண்மையான நாயகர்கள், விளக்குக் கம்பத்தின் பக்கத்தில் நின்றவர்களே.

விளக்கோடு துணியையும் சேர்த்தே கருத வேண்டும். அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த காஞ்சிபுரத்தின் பட்டு, நேரில் பார்க்கும் கண்ணுக்கு எவ்வளவு இன்பமோ, அவ்வளவு தொல்லை காமிராவுக்கு. சிவப்பு நிறத்தை உணராத ஆர்த்தோகுரோமட்டிக் எனும் பழைய வகைப் பிலிமில் அரக்குச் சேலை கரிக்கட்டையாகவும், நெற்றியின் குங்குமம் கரும்பொட்டாகவும் பதிவாகும். எல்லா நிறங்களையும் உணரும் பான்குரோமட்டிக் பிலிம் பரவிய பின்னரே அரக்குக்கும் கறுப்புக்கும் வேறுபாடு தெரிந்தது. அப்போதும் நேர்வெளிச்சம் பட்டால் சரிகை வெண்கோடாக வெடிக்கும். மூக்குத்தி வைரம் ஒளியை உமிழ்ந்து முகத்தின் நடுவே ஒரு வெண்புள்ளியை வைத்துவிடும். எம்.எஸ்ஸின் பெயரோடு ஒன்றிவிட்ட நீலப்பட்டின் அழகு ஊரெல்லாம் பேசப்பட்டது. ஆனால் கறுப்பு வெள்ளைப் படத்தில் அந்த நீலமும் ஒரு சாம்பல் நிறமே என்பதால், அங்கே கம்பீரத்தைத் தந்தது நிறமன்று, பட்டின் மடிப்பில் ஒளி ஏறி இறங்கிய விதம்.

இவ்வளவு உழைப்பையும் பாழாக்கிய ஒரு வழக்கம் அன்றைய போட்டோ ஸ்டுடியோக்களில் வேரூன்றியிருந்தது. நெகட்டிவின்மீது கூரிய பென்சிலால் மெல்லிய கோடுகள் இட்டு நிரப்பினால், அந்த இடத்தில் ஒளி தடைப்பட்டு, அச்சில் அது வெளுத்துத் தெரியும். ரீடச்சிங் எனப்பட்ட இந்த வேலை முகச் சுருக்கத்தையும் தழும்பையும் மறைக்க உதவியதோடு நில்லாமல், மாநிறத்தையே அழிக்கும் கருவியாயிற்று. மாநிறப் பெண்களின் முகங்களைச் சுண்ணாம்பு பூசிய சுவராக்கிக் கலியாணப் படங்களில் நிறுத்திய அந்தப் பென்சில், தமிழ்ச் சமூகத்தின் அழகுணர்ச்சிக்குச் செய்த கேடு சிறிதன்று. பானர்ஜியின் வழி நிறத்தை மாற்றுவதன்று. இருக்கும் வடிவத்துக்குரிய ஒளியைத் தேடுவது.

பிரிட்டிஷ் வோக் இதழுக்காக நார்மன் பார்க்கின்சன் 1956-இல் ஆன் கன்னிங், பார்பரா மல்லன் என்னும் மாடல்களுடன் ஜெய்ப்பூருக்கும் காஷ்மீருக்கும் சென்று எடுத்த வண்ணப் படங்களே இந்தியாவில் பேஷன் புகைப்படத்தின் தொடக்கம் என்று கருதுவோர் உண்டு. அந்தப் படங்களின் துள்ளலும் வண்ணமும் போற்றத்தக்கவை. எனினும் அவற்றில் அரண்மனையும் ஏரியும் அயல்நாட்டு உடைக்குத் திரைச்சீலையாக நின்றன. கீழ்ப்பாக்கத்தில் அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே நடந்த சோதனையோ, இந்த மண்ணின் முகத்தை நடுவில் வைத்து, மற்ற யாவற்றையும் அதற்கு ஏவலாக்கியது. இரண்டில் பெரிது எது என்பதில் ஐயமில்லை.

‘மீரா’ உருவாகிக்கொண்டிருந்த அதே காலத்தில், ‘சாவித்திரி’ படத்தில் நாரதராக நடித்து எம்.எஸ். ஈட்டிய பணத்தை முதலாகக் கொண்டு 1941-இல் தொடங்கப்பட்ட ‘கல்கி’ இதழில், மாமல்லபுரத்துச் சிற்பிகளைத் தமிழ் வாசகர்களின் வீட்டுக்குள் அழைத்துவந்த ‘சிவகாமியின் சபதம்’ 1944 முதல் தொடராக வெளிவந்துகொண்டிருந்தது. கற்சிற்பத்தைச் சொல்லால் எழுப்பியவரும், சுதைச் சிற்பத்தை ஒளியால் சோதித்தவர்களும், எம்.எஸ்ஸின் கணவரும் ‘மீரா’வின் தயாரிப்பாளருமான சதாசிவம் என்ற ஒரே மனிதரின் முயற்சிகளில் ஒரே சமயத்தில் இணைந்திருந்தனர். படம் 1945-இல் தமிழிலும், 1947-இல் சரோஜினி நாயுடு திரையில் தோன்றி அறிமுக உரை நிகழ்த்திய இந்தி வடிவிலும் வெளியாயிற்று. எம்.எஸ். அதன்பின் எந்தப் படத்திலும் நடிக்கவில்லை. விளக்குகளுக்கும் கோணங்களுக்கும் இத்தனை துல்லியமாகக் கணக்கிட்டுத் தயார்செய்யப்பட்ட அந்த முகம் கச்சேரி மேடைக்கே உரியதாயிற்று. பானர்ஜியின் காலத்தில் ஸ்டுடியோவுக்குள் தேர்ந்த கலை அடுத்த தலைமுறையின் கையில் மாமல்லபுரத்து வெயிலைச் சந்தித்த வரலாறு அடுத்த இதழில் இடம்பெறும்.