ஒளித்து நடத்தப்பட்ட சைக்கிள் ஓட்டப் போட்டிகள்

 

இடமாற்றக் கடிதம் கைக்கு வந்தால் ஆசிரியர்கள் நாங்கள் முதலில் விசாரிப்பது வாடகை வீட்டையும் பஸ் நேரத்தையும்தான். சைக்கிள் ஓடுகிற பழக்கம் உள்ளவர்களுக்கு இன்னொரு கேள்வியும் இருக்கிறது. இந்தப் பக்கம் சைக்கிள் ஓட்டப் போட்டி எங்கே, எப்போது நடக்கும்? வீட்டுக்குப் பதில் ஒரு கிழமையில் கிடைத்துவிடும். போட்டிக்குப் பதில் கிடைக்க சில வேளை ஒரு சித்திரை போய் மறு சித்திரை வர வேண்டும்.

புதிதாக வந்தவனுக்குப் போட்டி கண்ணில் படாமல் இருப்பது தற்செயலாகவும் நடக்கும், திட்டமிட்டும் நடக்கும். திட்டமிட்டே ஒளித்த ஒரு நாட்டின் கதையை இன்று எழுதுகிறோம்.

அதற்கு முன் ஒளிக்காத நாட்டைப் பார்ப்போம். 1869 நவம்பர் 7ஆம் திகதி பிரான்சில் பாரிஸ் நகரத்தில் இருந்து ரூவான் நகரம் வரை 123 கிலோமீற்றர் போட்டி நடந்தது. நகரத்துக்கு நகரம் நடந்த முதல் சைக்கிள் போட்டி என்று இதைத்தான் சொல்வார்கள். நடத்தியதில் முன்னுக்கு நின்றது ஒரு சைக்கிள் சஞ்சிகை. அதனால் விஷயம் எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியும். வென்றவர் ஜேம்ஸ் மூர் என்ற ஆங்கிலேயர். பத்தரை மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது. அந்தக் காலத்துச் சைக்கிளையும் ரோட்டையும் நினைத்தால் அது பெரிய வேகம்தான். 1903இல் தொடங்கிய டூர் டி பிரான்ஸும் ஒரு பத்திரிகை தன் விற்பனையைக் கூட்டத் தொடங்கியதே. பத்திரிகைக்காரன் நடத்தினால் போட்டி எங்கே என்று யாரும் தேடித் திரிய வேண்டியதில்லை. அது வீட்டு வாசலுக்கே வந்து கூப்பிடும்.

இங்கிலாந்தில் கதை தலைகீழ். அங்கே ரோட்டில் குதிரை வண்டிக்காரர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் ஆகாது. 1894 ஜூலையில் லண்டனுக்கு வடக்கே 50 மைல் போட்டி ஒன்று நடந்துகொண்டிருந்தபோது, ஒரு பெண்மணி ஓட்டி வந்த வண்டிக் குதிரை மிரண்டது. ஓட்டக்காரர்கள் சிலர் விழுந்தார்கள். முறைப்பாடு பொலிசுக்குப் போனது. இப்படியே போனால் சைக்கிளையே ரோட்டை விட்டு விரட்டிவிடுவார்கள் என்று தேசிய சைக்கிள் சங்கம் பயந்தது. அரசாங்கம் தடை போடுமுன் தாங்களே தடை போட்டார்கள். பொது வீதியில் கூட்டமாக ஓடும் போட்டி கூடாது, மைதானத்துக்குப் போங்கள் என்றார்கள்.

அன்று விழுந்தவர்களில் பிட்லேக் என்பவரும் ஒருவர். அடுத்த வருடம், 1895இல், அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். எல்லோரும் சேர்ந்து ஓடினால்தானே போட்டி என்பார்கள்? ஒரு நிமிடத்துக்கு ஒருவராக விட்டு, ஒவ்வொருவருக்கும் தனியாக நேரம் எடுத்தால் பார்ப்பவனுக்கு அது போட்டியாகத் தெரியாது. யாரோ ஒருவன் அவசரமாக எங்கோ போகிறான், அவ்வளவுதான். இதுவும் போதாதென்று கழுத்தில் இருந்து கணுக்கால் வரை கறுப்பு உடுப்பு, விடிகாலைத் தொடக்கம். ரோட்டில் சனம் நடமாடத் தொடங்குமுன் எல்லாம் முடிந்துவிடும்.

எங்களுக்கு இதில் வியப்பான பகுதி அடுத்ததுதான். போட்டி நடக்கும் பாதைகளுக்கு இரகசியக் குறியீடு வைத்தார்கள். ஒரு ஆங்கில எழுத்து, அது பிரதேசத்தைக் குறிக்கும். பிறகு ஒரு இலக்கம். 'எஃப் 1' என்று இருந்தால் கழகத்துக்குள் இருப்பவனுக்கு எந்த வீதி, எந்த மைல் கல்லில் தொடக்கம் என்று தெரியும். வெளியே இருப்பவனுக்கு அது வெறும் எழுத்து. பெயர்ப் பட்டியலின் தலையில் 'தனிப்பட்டது, இரகசியமானது' என்று அச்சடிப்பார்கள். வகுப்பில் கடைசி வாங்கில் கைமாறும் கடதாசி எங்களுக்கு ஞாபகம் வருகிறது. சைக்கிள் சஞ்சிகைகளும் இடத்தை முன்கூட்டி வெளியிடாமல் ஒத்துழைத்தன. வேறு ஊரில் இருந்து வேலைக்கு வந்த ஒரு இளைஞன், தன் வீட்டு முன்னாலேயே போட்டி போனாலும் தூங்கிக்கொண்டு இருந்திருப்பான்.

ஏறக்குறைய 50 வருடம் இப்படியே போனது. இதை உடைத்தவர் பேர்சி ஸ்டாலர்ட், வுல்வர்ஹம்டன் நகரத்தில் சைக்கிள் கடை வைத்திருந்தவர். 1933இல் உலக சம்பியன்ஷிப்பில் ஓடி, மற்ற நாட்டவர் எப்படி ஓடுகிறார்கள் என்று கண்ணால் பார்த்தவர். உலக யுத்தம் வந்து பெற்றோல் பங்கீட்டுக்குப் போனபோது ரோடுகள் வெறுமையாகின. இதைவிட நல்ல நேரம் வேறில்லை என்று அவர் கேட்டார், சங்கம் மறுத்தது. அவர் பாதையில் உள்ள பொலிஸ் அதிகாரிகளிடம் நேராகவே போய்ப் பேசினார். சங்கம் பயந்த அளவுக்குப் பொலிஸ் எதிர்க்கவில்லை என்பதுதான் வேடிக்கை. 1942 ஜூன் 7ஆம் திகதி வேல்ஸில் லங்கோலனில் இருந்து வுல்வர்ஹம்டன் வரை 59 மைல், 40 பேர் ஓடினார்கள். முடிவிடத்தில் ஆயிரத்துக்கு மேல் சனம் நின்றது. அல்பர்ட் பிரைஸ் என்பவர் வென்றார். சங்கம் செய்த காரியம், ஸ்டாலர்டையும் ஓடியவர்களையும் விலக்கியது. அவர்கள் அதே வருடம் நவம்பரில் தனிக் கழகம் தொடங்கினார்கள். சண்டை 1959 வரை இழுபட்டு இரண்டும் ஒன்றாகின. 1960இல் வீதிப் போட்டிக்குச் சட்டப்படி விதிமுறையும் வந்தது. ஆனால் பாதைக் குறியீடு மட்டும் இன்னும் அங்கே பாவனையில் இருக்கிறது. பயம் போனாலும் பழக்கம் போவதில்லை போலும்.

இனி எங்கட பக்கம். இங்கே யாரும் எதையும் ஒளிக்கவில்லை. சித்திரை வந்தால் மரதன், சைக்கிள் ஓட்டம், கயிறிழுத்தல் என்று ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ தெருத் தெருவாகச் சொல்லிப் போகும். ஆனால் என்ன சொல்லும்? 'வழமை போல் சந்தியில் இருந்து ஆரம்பமாகும்.' எந்தச் சந்தி? ஊர்க்காரனுக்குத் தெரியும். புதிதாக வந்தவனுக்கு அது 'எஃப் 1' மாதிரித்தான்.

மட்டக்களப்பில் இருந்து தெற்கே போகும் கரையோர வீதியை எடுங்கள். காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி, மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர். ஏற்றம் இறக்கம் இல்லாத சமதரை. முஸ்லிம் ஊரும் தமிழ் ஊரும் மாறி மாறி வரும். ஆட்டோ ஒலிபெருக்கி ஊர் எல்லையில் திரும்பிவிடும். 1990க்குப் பிறகு பல வருடம், பிள்ளை சைக்கிளில் அடுத்த ஊர் எல்லையைத் தாண்டினாலே உம்மாமாருக்கும் அம்மாமாருக்கும் நெஞ்சு படபடக்கும். அந்தக் காலம் போய்விட்டது, ஆட்டோ திரும்பும் இடம் மட்டும் மாறவில்லை. விமானப்படை நடத்தும் பெரிய சைக்கிள் போட்டி பத்திரிகையில் வருவதால் எங்கள் பிள்ளைகளுக்குத் தெரிகிறது. இரண்டு மைல் தள்ளி நடப்பது தெரிவதில்லை.

2022இல் பெற்றோல் இல்லாமல் நாடு வரிசையில் நின்றபோது ஸ்டாலர்ட் பார்த்த வெறும் ரோட்டை நாங்களும் பார்த்தோம். மூலையில் கிடந்த சைக்கிள்கள் வெளியே வந்தன. அப்போது ஓடப் பழகிய பிள்ளைகள் இன்று உயர்தர வகுப்பில் இருக்கிறார்கள். ஓட இடம் கேட்கிறார்கள்.

புது இடத்துக்கு வந்தவர்கள் விசாரிக்க நல்ல இடம் மூன்று. ஒன்று, பிரதேச செயலகத்தில் உள்ள விளையாட்டு உத்தியோகத்தர். இரண்டு, பொலிஸ் நிலையம், வீதியில் போட்டி வைக்க அவர்களிடம் சொல்லித்தானே ஆக வேண்டும். மூன்று, சைக்கிள் திருத்தும் கடை. எங்கள் அனுபவத்தில் மூன்றாவதுதான் முதலாவது.

போட்டி நடத்தும் கழகத்துத் தம்பிமாருக்கும் ஒரு வார்த்தை. இந்த முறை நோட்டீஸில் சந்தியின் பெயரையும் நேரத்தையும் முழுசாக எழுதுங்கள். பள்ளிவாசல் பலகையில் ஒட்டும் அன்றே அடுத்த ஊர்க் கோயில் வீதிக் கடையிலும் ஒன்று ஒட்டுங்கள். அவர்களுடைய நோட்டீஸ் வந்தால் எங்கள் பாடசாலைப் பலகையில் ஒட்ட நாங்கள் தயார், இடம் ஒதுக்கி வைத்திருக்கிறோம்.