பாட்டுப் பெட்டிக்கு எத்தனை மூட்டை மல்லாட்டை?

எங்க பக்கம் பெரிய செலவு எதுவா இருந்தாலும் மல்லாட்டை மூட்டையிலதான் கணக்குப் போடுவோம். (மல்லாட்டைன்னா வேர்க்கடலை. பட்டணத்து நண்பர்களுக்காகச் சொல்றேன்.) மோட்டாருக்கு இத்தனை மூட்டை, கல்யாணத்துக்கு இத்தனை மூட்டை. இப்போ வீட்டுல ஸ்பீக்கர் செட் வாங்கணும்னு பேச்சு. அஞ்சாயிரத்துக்கும் கிடைக்குது, லட்சத்துக்கும் கிடைக்குது. எவ்வளவு போடலாம்? இதுக்கு முன்னாடி நம்ம ஜனங்க பாட்டுக் கேட்க எப்படிச் செலவு செஞ்சாங்கன்னு பார்த்தா ஒரு வெளிச்சம் கிடைக்குது.

முதல்ல வந்தது கிராமபோன். 1902-ல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடினதைப் பதிவு செஞ்சாங்க. 1908-ல் அங்கேயே இசைத்தட்டுத் தொழிற்சாலை வந்துடுச்சு. அப்புறம் கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் தட்டு வழியா தமிழ்நாடு முழுக்கப் பாடினாங்க. பெட்டி வாங்கினதோட செலவு முடியல. தட்டுல ஒரு பக்கம் ஓடுறது மூணு நிமிஷம் சொச்சம். ஒவ்வொரு பக்கத்துக்கும் புது ஊசி மாத்தணும், இல்லன்னா தட்டு தேஞ்சிடும். பெட்டி விலை ஒரு தடவைதான். ஊசியும் தட்டும் வாழ்நாள் செலவு.

அடுத்தது ரேடியோ. 1924-ல் சென்னையில கிருஷ்ணசாமி செட்டியார் முயற்சியில ஒரு வானொலிக் கழகம் ஒலிபரப்பு தொடங்குச்சு. 1927-லேயே பணமில்லாம நின்னு போச்சு. அதோட கருவியை வாங்கிக்கிட்ட சென்னை மாநகராட்சி 1930-ல் ஒலிபரப்பை ஆரம்பிச்சது. பெட்டி வாங்க முடியாதவங்க கடற்கரையில, பூங்காவுல ஒலிபெருக்கியில கேட்டாங்க. 1938 ஜூன் 16-ல் அகில இந்திய வானொலியோட சென்னை நிலையம் வந்துச்சு.

கிராமத்துலயும் இதே கதைதான். பஞ்சாயத்து ரேடியோ ஒண்ணு, அதைச் சுத்தி ஊரே உட்காரும். சொந்தமா ரேடியோ வச்சிருந்தவங்க தபாலாபீசுல பணம் கட்டி லைசென்ஸ் புத்தகத்துல முத்திரை வாங்கணும். வருஷத்துக்கு 15 ரூபாய் கட்டின காலம் பலருக்கும் ஞாபகம் இருக்கும். அந்த லைசென்ஸ் முறை 1980-களில்தான் ஒழிஞ்சது.

காசைத் திருப்பிக் கொடுத்த கதையும் உண்டு. 1960-களில் தஞ்சாவூர்ல ஆடுதுறை 27 நெல் பரவினப்போ, திருச்சி வானொலியில கேட்டுக் கேட்டுத்தான் விவசாயிங்க அதைப் பயிர் பண்ணினாங்க. அதனால அதுக்கு ‘ரேடியோ நெல்’லுன்னே பேராயிடுச்சு. பாட்டுக்காக வாங்கின பெட்டி வயலுக்கும் வேலை செஞ்சுது.

பாட்டு விஷயத்துல எங்க கரைக்கு ஒரு அதிர்ஷ்டம். 1952-ல் மத்திய அமைச்சரான கேஸ்கர் வானொலியில சினிமாப் பாட்டைக் குறைச்சப்போ ஜனங்க இலங்கை வானொலிக்குத் திரும்பிட்டாங்க. அதைச் சமாளிக்கத்தான் 1957 அக்டோபர் 3-ல் விவித பாரதி வந்துச்சு. உப்புத் தண்ணி மேல மத்திய அலை ரொம்ப தூரம் வலுவாப் போகும். அதனால கரையோரத்துல சாதாரணப் பெட்டியிலேயே மயில்வாகனம் குரலும் அப்துல் ஹமீது குரலும் கணீர்னு கேட்கும். விலை கூடின பெட்டி செய்ய வேண்டிய வேலையைக் கடல் இலவசமாச் செஞ்சுது. புதுச்சேரி நிலையம் 1967 செப்டம்பர் 23-ல்தான் வந்துச்சு.

அதே கடல் ஒரு கையால கொடுத்ததை மறு கையால வாங்கிக்கும். பொம்மையார்பாளையத்துலேர்ந்து மரக்காணம் உப்பளம் வரைக்கும் காத்துலேயே உப்பு. வால்வு ரேடியோ, டிரான்சிஸ்டர், கேசட் ரெக்கார்டர், சி.டி. பிளேயர், எது வந்தாலும் பேட்டரி வைக்கிற இடத்துல பச்சை பூக்கும், ஒயர் நுனி கறுக்கும், திருகாணி துருப்பிடிக்கும். பத்து வருஷத்துக்குன்னு நினைச்சு வாங்குற சாமான் இங்க அஞ்சு வருஷம் தாங்கினா பெரிசு.

இன்னொண்ணு, வீடு. அந்தக் காலத்துக் கூரை வீட்டுல கீத்தும் மண்சுவரும் சத்தத்தை உறிஞ்சிக்கும். ஓட்டைப் பெட்டியும் காதுக்கு இதமா இருக்கும். இப்போ காங்கிரீட்டும் டைல்ஸும் போட்ட ஹால்ல லட்ச ரூபாய் ஸ்பீக்கரும் கிணத்துக்குள்ள கத்துற மாதிரி எதிரொலிக்கும். கனமான திரைச்சீலை, பாய், துணி சோபா, புத்தக அலமாரின்னு கொஞ்சம் செலவு பண்ணினா, அதுக்கப்புறம் நடுத்தர விலை ஸ்பீக்கரே போதும்.

இதையெல்லாம் வச்சு நான் போட்ட கணக்கு இதுதான். மொத்தம் ரெண்டு மூட்டை மல்லாட்டைப் பணம். அதுல பாதி ஸ்பீக்கருக்கு. கால்வாசி திரைக்கும் பாய்க்கும். மீதி கால்வாசி ரிப்பேருக்கு, எடுத்து வச்சிடணும், தொடக்கூடாது. பையனுக்கு முகம் சுருங்கிச்சு. பரவால்ல, விதைக்கு வச்ச மூட்டையைத் தொட்டுப் பாட்டுக் கேட்க முடியாது. நீங்க சம்பளக்காரங்கன்னா மூட்டைக்குப் பதிலா உழைச்ச நாளை வச்சுக் கணக்குப் போடுங்க. பொருளோட எடை அப்போதான் கையில தெரியும்.

பட்டியல்ல சேர்க்காத சாமான் ஒண்ணும் உண்டு, பேட்டரி டிரான்சிஸ்டர். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் அடிச்சு, முந்திரியும் சவுக்கும் சாய்ஞ்சு, நாள் கணக்கா கரண்ட் இல்லாம கெடந்தப்போ பெரிய பெட்டி எல்லாம் ஊமையாயிடுச்சு. எவ்வளவு விலைக்கு எது வாங்கினாலும் இதை ஒண்ணு தனியா வாங்கி அலமாரியில வைங்க. பேட்டரியை மட்டும் கழட்டி வைங்க, உப்புக்காத்து சும்மா விடாது.